பணித்தளத்தில் கிறிஸ்துமஸ்

டிசம்பர் முதல் வாரத்துக்குள் பார்சல் போட்டுவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் பண்டிகைக்குள் போய்ச் சேருமா என்பது சந்தேகம்தான். ஆவடி, வெள்ளானூர், அம்பத்தூர் பக்கம் பிள்ளையை மிஷனரியாக அனுப்பிவைத்த வீடுகளில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அச்சுமுறுக்கு வழியிலேயே பொடிப்பொடியாகிவிடும் என்பதால் அதற்குப் பிஸ்கட் டின். முந்திரிக்கொத்துக்கு அந்தப் பயம் இல்லை, எப்படிப் போட்டாலும் தாங்கும். இடைவெளிகளில் புதுச் சட்டையை மடித்துத் திணித்து, மேலே வாக்குத்தத்த வசன அட்டையை வைத்து மூடுவார்கள். முகவரியில் குஜராத்திலோ ஜார்க்கண்டிலோ உள்ள, அந்த வீட்டில் யாரும் கண்ணால் பார்த்திராத ஒரு கிராமத்தின் பெயர் இருக்கும்.

சென்னையின் இந்த மேற்குப் பக்கத்துக்கும் மிஷனரி ஊழியத்துக்கும் உள்ள உறவு வெளியே அதிகம் தெரியாது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வேலை கிடைத்து 1960களிலிருந்து தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல இங்கே வந்து குடியேறின. அவர்களோடு அசனம் என்ற சபை விருந்தும் கீத பவனியும் மிஷனரி உண்டியலும் வந்தன. 1959-இல் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவின் தலைமை அலுவலகம் இருப்பதும் அம்பத்தூரில்தான். அதன் ஊழியர்கள் குஜராத்தின் டாங்ஸ் மலைகளுக்கும், மால்ட்டோ பழங்குடிகள் வாழும் ராஜ்மகால் குன்றுகளுக்கும் போனார்கள். மால்ட்டோ ஒரு திராவிட மொழி, தமிழுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் திருநெல்வேலித் தமிழ் மட்டும் பேசிக்கொண்டு அங்கே போய் இறங்குகிற பையனுக்கு அந்தச் சொந்தம் காதில் விழாது. எழுத்து வேறு, சாப்பாடு வேறு, குளிர் வேறு. பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு அது.

வருடம் முழுவதும் அந்தப் பிள்ளை சமாளித்துவிடும். டிசம்பர்தான் சிரமம். இங்கே கீத பவனி முடிந்து நடுராத்திரியில் யாரோ ஒரு வீட்டில் சூடாகக் காப்பி கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வரும். பணித்தளத்தில் சபையே பத்துப் பதினைந்து பேராக இருக்கலாம், அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் எப்படிக் கொண்டாடுவது என்பதே புதிதாக இருக்கலாம். கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனவர், அந்த ஒரு நாளில் யாராவது தன்னைக் கூப்பிட்டுச் சோறு போட மாட்டார்களா என்று காத்திருப்பவராக ஆகிறார். ஒரு மிஷனரியின் ஊழியம் எப்படிப்பட்டது என்று அறிய அவர் பிரசங்கத்தைக் காட்டிலும் அந்த நாளைத்தான் நான் பார்ப்பேன். யார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்? யாரைத் தன் வீட்டில் உட்காரவைத்தார்?

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை புதிதல்ல. எதிர்த் திசையில் அது நடந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஜெர்மனியின் சாக்சனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிறிய ஊரில் பிறந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு 1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறினார். உடன் வந்தவர் ஹென்ரிக் புளூட்சோ. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் கடலிலேயே கழிந்தது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது சீகன்பால்குவுக்கு வயது 24-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஊழியர்கள் என்றாலும், தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ் கம்பெனி அதிகாரிகளுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தார்கள்.

வரவேற்பு கிடைக்காத அந்த ஊரில் சீகன்பால்கு செய்த முதல் காரியம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தது. ஒரு வயதான வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிய எழுத்தைத் தானும் எழுதினார், அவர்கள் சத்தம்போட்டுச் சொன்னதைத் தானும் சொன்னார். சரியாக வராதபோது அந்தப் பிள்ளைகள் சிரித்திருக்க மாட்டார்களா? இரண்டே ஆண்டுகளில், 1708-இல், நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதிப் பட்டியல் போட்டார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் ஒப்பித்த நூல்களை, கற்றுக்கொடுக்க வந்த ஒருவர் கற்றுக்கொள்பவராக உட்கார்ந்து படித்தார் என்பது எனக்கு அவர் அச்சிட்ட வேதாகமத்துக்குக் குறையாத செய்தி.

அந்த 1708-இன் கிறிஸ்துமஸ் அவருக்குச் சிறையில் வந்தது.

காரணம் ஒரு ஏழை விதவை. நாவிதர் ஒருவரின் மனைவி அவர். கணவர் இறந்த பிறகு, கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவரோடு கடன் விவகாரம். அந்த அம்மாளுக்காகச் சீகன்பால்கு பேசப் போனார். தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க் கோட்டைத் தலைவர் ஹாசியுஸுக்கு இந்தத் தலையீடுகள் ஏற்கெனவே எரிச்சல் மூட்டியிருந்தன. நவம்பரில் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார், நான்கு மாதம். ஆரம்பத்தில் பேனாவும் மையும் கிடையாது, ஆட்களைப் பார்க்கவும் அனுமதியில்லை. பிறகு தாள் கிடைத்ததும் கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றி ஜெர்மனில் நூல் எழுதத் தொடங்கினார்.

சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல்கள் அண்ட அஞ்சும். அக்டோபர் நடுவிலிருந்து கடல் கொந்தளிப்பாக இருக்கும். அதனால் ஐரோப்பியருக்குக் கடிதம் வருவது குறைந்த காலமும் அவர்களுடைய பண்டிகைக் காலமும் ஒன்றாக அமைந்துபோயின. வீட்டு நினைப்பு அதிகமாகும் வாரங்களில் வீட்டிலிருந்து ஒரு வரியும் வராது. சீகன்பால்குவுக்கு அதோடு சுவரும் சேர்ந்தது. கோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். அது மார்கழி மாதம். முந்தைய ஆண்டு கட்டி முடித்த புது எருசலேம் ஆலயத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தமிழ்ச் சபைக்கு அவர் இல்லாத கிறிஸ்துமஸ்.

1709 மார்ச்சில் வெளியே வந்தார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறியது. 1718 அக்டோபரில் இப்போது நாம் பார்க்கிற புது எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையானது, அந்த டிசம்பர் அவருக்குக் கடைசிக் கிறிஸ்துமஸ். 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தபோது வயது 36. அந்த ஆலயத்துக்குள்ளேயே அவரைப் புதைத்திருக்கிறார்கள்.

அயர்லாந்திலிருந்து 1895-இல் 27 வயதில் வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் இப்படி இங்கேயே தங்கிவிட்டவர்தான். தோனாவூரில் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார், புடவை கட்டினார், 1951-இல் இறக்கும்வரை ஒரு முறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அவர்தான்.

இப்போது நம்மவர்களுக்கு வருகிறேன். தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படும். அவருடைய பெரிய நாட்கள் பல, இந்தப் பண்டிகைக் காலத்துக்குள்ளேயே விழுந்திருக்கின்றன.

ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ் இளைஞர்கள் தாங்களே காசு சேர்த்து இந்தியக் கரைக்கு ஊழியர் அனுப்புவதைப் பார்த்தார். வெள்ளைக்காரர் அனுப்பினால்தான் மிஷனரி என்று இருந்த திருநெல்வேலிக்கு அது உறைத்தது. அடுத்த ஆண்டே இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. நிஜாமின் ஐதராபாத் ராஜ்யத்தில் தோர்ணக்கல் பகுதிக்கு முதல் ஊழியர் போனார். பனையேறிகளின் பிள்ளைகளும் சிறுவிவசாயிகளின் பிள்ளைகளும் கொடுத்த காணிக்கையில் நடந்த வேலை அது. 1905-இல் வங்காளத்தின் செராம்பூரில் வில்லியம் கேரியின் நூலகத்தில் பல மாகாணத்து இந்தியக் கிறிஸ்தவர்கள் கூடித் தேசிய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அசரியாவும் கே.டி. பாலும் முன்னால் நின்றார்கள். அவர்கள் தேர்ந்துகொண்ட நாள் டிசம்பர் 25. வீட்டில் பண்டிகை நடக்கும்போது, வீட்டைவிட்டு எங்கோ போய் அதைச் செய்தார்கள்.

பிறரை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இருப்பது அசரியாவுக்கு உறுத்தியது. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டு, மனைவி அன்பு மாரியம்மாளோடு அவரே தோர்ணக்கலுக்குப் போனார். முதலில் கூடாரத்தில்தான் குடியிருப்பு. முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றார்.

அதற்கு அடுத்த ஆண்டு ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. மேலை நாட்டு மிஷனரிகள் நிறைந்த அரங்கில் அசரியா எழுந்து பேசினார். நாற்காலி கொடுப்பதும் விருந்துக்கு அழைப்பதும் தன்னளவில் பெரிய விஷயமில்லை, ஆனால் நட்பு இல்லாத தியாகம் எங்களுக்குப் போதாது என்பது அவர் பேச்சின் சாரம். ஏழைகளுக்குப் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையே கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று கேட்டு முடித்தார். கேட்டவர்களில் பலருக்குக் கோபம். நூறு ஆண்டு தாண்டியும் அந்தப் பேச்சைச் சபை வரலாறு எழுதுகிறவர்கள் விடாமல் எடுத்துப் பேசுகிறார்கள்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அசரியா அபிஷேகம் பெற்றார். தோர்ணக்கலில் கால் நூற்றாண்டு உழைத்து எழுப்பிய பேராலயத்தில் தென்னாட்டுக் கோயில் தூண்களும் மசூதிக் குமிழ்களும் சேர்ந்து நிற்கின்றன. கிழக்கிலிருந்து ஞானிகள் வந்து குழந்தையைக் கண்ட நாளின் பெயரை அதற்கு வைத்து, அந்த நாளான ஜனவரி 6 அன்றே, 1939-இல் பிரதிஷ்டை செய்தார். 1945 ஜனவரி 1 அன்று, தான் குடியேறிய அந்தத் தெலுங்கு ஊரிலேயே இறந்தார்.

பண்டிகைக் காலம் எல்லா மிஷனரிக்கும் இனிப்பாக அமைவதில்லை. 1998 கிறிஸ்துமஸ் அன்று டாங்ஸ் மாவட்டத்தில் தொடங்கிய தாக்குதல்கள் பத்து நாள் வரை நீடித்தன. மலைக் கிராமங்களின் சிறிய ஜெப வீடுகள் கொளுத்தப்பட்டன. ஜனவரியில் பிரதமர் வாஜ்பாய் நேரில் போக வேண்டியிருந்தது. 2007-இல் ஒடிசாவின் கந்தமாலில் வன்முறை வெடித்தது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அப்படிப்பட்ட டிசம்பர்களில் இங்கே வெள்ளானூரிலும் அம்பத்தூரிலும் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய் தகப்பன்மாரை நினைத்துப் பார்க்கிறேன். இன்றும் வடக்கே பணித்தளத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பண்டிகை வாரத்தில் போன் எடுக்கவில்லை என்றால் இங்கே வயிறு கலங்குகிறது.

இன்னொருவர் ஊருக்குப் போய் மதம் பேசலாமா என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தருகிறது. இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் அப்படி இருக்கட்டும். பேசுவது சொல்கிறவர் உரிமை, வேண்டாம் என்பது கேட்கிறவர் உரிமை. வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் தட்டு போக வேண்டும், அங்கிருந்து தீபாவளித் தட்டு வந்தால் மனதார வாங்க வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸ் லைன்களில் தலைமுறை தலைமுறையாக நடப்பது இதுதான். இதைச் செய்ய முடியாதவர் பணித்தளத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

வீட்டைப் பிரிந்த ஏக்கம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் மார்மன் சபையில் பதினெட்டு வயதுப் பையன்கள் இரண்டு ஆண்டு ஊழியத்துக்கு உலகம் முழுக்கப் போகிறார்கள். கடிதமும் மின்னஞ்சலும் போக, வீட்டோடு பேச அவர்களுக்கு ஆண்டில் இரண்டே நாள் இருந்தது, கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். 2019 பிப்ரவரியில் அதை வாரம் ஒரு முறை என்று மாற்றினார்கள். அந்தச் சபையின் போதனை எனக்கு உடன்பாடோ இல்லையோ, அம்மா குரலைக் கேட்க மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளுக்காகச் சந்தோஷப்பட்டேன்.

நம் பக்கத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்குப் போகும் ரயில் இந்த அம்பத்தூர், ஆவடி தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. நம் பிள்ளைகள் தேடிப்போன ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் அந்தத் திசையில் வண்டி ஏறி இங்கே வந்துவிட்டார்கள். தொழிற்பேட்டையின் லேத்துகளிலும் வெள்ளானூர்ப் பக்கத்துக் கட்டட வேலைகளிலும் அவர்கள் கைதான். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. டிசம்பரில் ஊருக்குப் போக லீவும் டிக்கெட்டும் கிடைக்காமல், தகர ஷெட்டுக்குள் போனில் ஊர்ப் பாட்டைக் கேட்டுக்கொண்டு பண்டிகையைக் கழிக்கிறார்கள். வடக்கே மிஷனரி அனுப்ப உண்டியல் எடுக்கிற நம் சபைகள், இந்த வருட அசனத்துக்கு இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். கடைசிப் பந்தியில் ஓரமாக உட்காரவைக்காமல் குருவானவரும் கமிட்டி ஐயாமாரும் உட்காரும் முதல் பந்தியிலேயே இலை போடட்டும். ஆராதனையில் ஒரு பாட்டை அவர்கள் மொழியில் அவர்களையே பாடச் சொல்லட்டும். டிசம்பர் 25-க்கு இன்னும் நாள் இருக்கிறது. ஷெட் எங்கே இருக்கிறது என்று காண்டிராக்டரைக் கேட்டால் சொல்வார்.