மூலையில் சுவர் இல்லாத மஞ்சள் வீடு

லெபனான் தலைநகர் பெய்ரூத்தில், டமாஸ்கஸ் சாலையின் ஒரு முனையில் குண்டு துளைத்த பழைய மஞ்சள் வீடு ஒன்று நிற்கிறது. முதன்முறை அதன் படத்தைப் பார்த்தபோது, இதை ஏன் இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நாமும் நினைத்தோம். இடிக்கத்தான் இருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

பரகாத் குடும்பத்தாருக்காக 1924-இல் இதை வடிவமைத்தவர் யூசுஃப் அஃப்திமூஸ். பெய்ரூத் நகராட்சிக் கட்டடமும் அவர் வரைந்ததே. 1932-இல் வேறொரு கட்டடக் கலைஞர் மேல்மாடிகளைச் சேர்த்தார்.

தெருமுனை வீடு என்றால் முனையில்தான் கனமான சுவர் எழும்பும். இங்கே அந்த முனையே வெற்றிடம். இரண்டு கட்டடங்கள் தனித்தனியே நிற்க, தூண்களும் திறந்த மாடங்களும் மூலையில் அவற்றை இணைக்கின்றன. அறைக்குள் அறையாக வாசல்கள் நேர்கோட்டில் அமைந்திருப்பதால், பின்கட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெருச் சந்திப்பு தெரியும். காற்றும் வெளிச்சமும் உள்ளே வர, குடும்பத்தார் ஊரைப் பார்த்திருக்கச் செய்த ஏற்பாடு அது.

1975-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. நகரைக் கிழக்கு, மேற்கு எனப் பிரித்த 'பச்சைக் கோடு' இந்த வீட்டின் வாசல் வழியே ஓடியது. குடியிருந்தவர்கள் வெளியேற, கிழக்குப் பகுதியின் கிறிஸ்தவ ஆயுதக் குழுவினர் உள்ளே புகுந்தார்கள். அவர்கள் சன்னல் ஓரத்தில் நிற்கவில்லை. பின் அறைகளில் மணல்மூட்டைகளும் கான்கிரீட் தடுப்புகளும் அமைத்து, அந்த நேர்கோட்டு வாசல்களின் வழியே, காலியான மூலையின் வழியே சுட்டார்கள். குண்டு எங்கிருந்து வருகிறது என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது. மறுபுறத்திலும் இத்தகைய துப்பாக்கிகள் இருந்தன. அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

1990-இல் போர் ஓய்ந்தது. அடுத்த ஆண்டே பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. பள்ளி வரலாற்றுப் பாடமோ போருக்கு முன்பே நின்றுவிடுகிறது. இந்தச் சூழலில், 1997-இல் வீட்டை இடிக்கும் ஏற்பாடு தொடங்கியது. உரிமையாளர்களை மட்டும் குறை சொல்வதில் நமக்கு உடன்பாடில்லை. குடியிருக்க முடியாத சிதிலம், ஆனால் அதன் அடியிலிருந்த மனையோ விலை மதிப்புள்ளது. எந்தக் குடும்பமும் அதைத்தான் யோசித்திருக்கும்.

தடுத்தவர் மோனா ஹல்லாக் என்ற கட்டடக் கலைஞர். சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிதிலத்துக்குள் நுழைந்தபோது, கீழ்த்தளத்தில் இருந்த புகைப்பட நிலையத்தின் நெகட்டிவ்கள் குப்பையோடு குப்பையாகக் கிடப்பதைக் கண்டார். திருமணம், பிள்ளைகள், சாதாரண முகங்கள். அவற்றைச் சேகரித்தார். பத்திரிகைகளில் எழுதினார், ஆட்களைத் திரட்டினார். ஆண்டுகள் நீண்ட அந்த முயற்சிக்குப் பிறகு, 2003-இல் பொதுப் பயன்பாட்டுக்காக நகராட்சி வீட்டைக் கையகப்படுத்த முடிவானது. 'பைத் பெய்ரூத்', அதாவது பெய்ரூத்தின் வீடு என்று பெயரிட்டார்கள்.

துளைகளைப் பூசி மூடிவிடலாமே என்று நமக்குத் தோன்றலாம். சீரமைத்த யூசுஃப் ஹைதர் அப்படிச் செய்யவில்லை. சுட்டவர்கள் சுவரில் கிறுக்கிய எழுத்துகளும், அவர்கள் கட்டிய தடுப்புகளும் அப்படியே இருக்கின்றன. இடிந்த பகுதிகளுக்குப் புதிதாகச் சேர்த்தவை புதியவை என்று பார்த்தவுடனே தெரியும்.

வேலை முடிந்த பிறகும் நிரந்தர அருங்காட்சியகமாக நடத்த நிர்வாகம் அமையாமல், அதன் கதவு நெடுநாள் பூட்டியே கிடந்தது. கண்காட்சி நடக்கும்போது மட்டும் திறப்பார்கள்.