கை மரத்துப் போகிறதா? நரம்பு, தசைச் சோதனைகளை அறிந்துகொள்வோம்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையை விரித்தால் நம் கண்ணில் படுபவை வண்ணமும் ஜரிகையும். அதை உருவாக்கிய விரல்களைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் வரவேண்டுமானால், நாடாக்களைத் தனித்தனியே ஓட்டி, ஊடை இழைகளை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். இதற்குக் கோர்வை என்று பெயர். பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால், நெருங்கிக் கிடக்கும் இழைகளுக்கு நடுவே அதை விரலால் தடவிக் கண்டுபிடித்து இணைக்க வேண்டும். இந்த வேலையில் கண்ணுக்கு உள்ள பங்கு விரல் நுனிக்கும் உண்டு.

அந்த விரல்கள் மரத்துப் போனால் என்ன ஆகும்? "தறியில் உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்துவது எளிது. ஆனால் மரத்துப் போவது ஒரு நோயன்று. அஃது ஓர் அறிகுறி. அதன் பின்னே இருக்கும் காரணத்தை அறிய உதவும் சோதனைகளைப் பற்றித்தான் இங்குக் காணப்போகிறோம்.

ஒரே தொல்லை, பல காரணங்கள்

மணிக்கட்டில் எலும்புகளும் ஒரு தடித்த தசைநாரும் சேர்ந்து ஒரு குறுகிய குகையை அமைத்துள்ளன. விரல்களை மடக்கும் ஒன்பது தசை நாண்களும் மீடியன் நரம்பும் அதன் வழியாகச் செல்கின்றன. குகையில் இடம் குறைந்தால் நசுங்குவது நரம்புதான். அப்போது கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப் போகும். இரவில் தொல்லை மிகும். கையை உதறினால் சற்றுக் குறையும். இதைக் கார்ப்பல் டனல் நோய் என்பர். கைக்கு ஓயாத கடும் உழைப்பு, நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கர்ப்ப காலம் ஆகியவை இதற்கு வழிவகுக்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் இது மிகுதி.

கழுத்தெலும்புகளுக்கிடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினாலும் விரல்கள் மரத்துப் போகலாம். நீரிழிவு நீண்ட நாள் இருந்தால் முதலில் பாதங்களும் பின்னர்க் கைகளும் உணர்விழக்கும். தொழுநோயோ பல சமயம் முழங்கைக்குப் பின்புறம் ஓடும் அல்நார் நரம்பைத் தாக்கும். அப்போது மரத்துப் போவன சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் ஆகும்.

நோயாளி சொல்வது ஒன்றுதான்: "கை மரத்துப் போகிறது, டாக்டர்." ஆனால் முதலாவதற்கு மணிக்கட்டில் மருத்துவம், இரண்டாவதற்குக் கழுத்தில், மூன்றாவதற்கு இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல், நான்காவதற்குக் கிருமியைக் கொல்லும் மருந்து. காரணம் தெரியாமல் மருந்து கொடுத்தால் காலம்தான் வீணாகும்.

நரம்பின் வேகத்தை அளந்தவர்

தவளையின் காலை மின்சாரம் துடிக்கச் செய்வதை இத்தாலி நாட்டுக் கால்வானி ஆராய்ந்து 1791-இல் வெளியிட்டார். நரம்புச் செய்தி மின்னல் வேகத்தில் பாய்வதாகவும், அந்த வேகத்தை அளக்கவே முடியாது என்றும் அறிஞர்கள் பலர் அதன் பின்னரும் எண்ணி வந்தனர். 1850-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை அளந்து காட்டினார். தவளையின் நரம்பில் செய்தி செல்லும் வேகம் செகண்டுக்கு ஏறத்தாழ 30 மீட்டர்தான். மனிதனின் கை நரம்புகளில் இது 50 முதல் 60 மீட்டர் வரை இருக்கும்.

நரம்பிழையின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஜரிகையை நினைத்துப் பாருங்கள். நடுவே பட்டு இழை. அதன்மேல் சுற்றிய வெள்ளித் தகடு. நரம்பிலும் நடுவே ஓர் இழை உண்டு. அதன்மேல் மையலின் என்னும் கொழுப்புறை சுற்றப்பட்டுள்ளது. உவமை இவ்வளவோடு நின்றுவிடும். வெள்ளி மின்சாரத்தைக் கடத்தும், மையலினோ அதைத் தடுத்து உள்ளேயே காக்கும். உறை கெட்டால் செய்தியின் வேகம் குறையும். உள்ளிழை அழிந்தால் செய்தியின் வலிமை குறையும். இந்த இரண்டையும் வேறு பிரித்துக் காட்டுவதே முதல் சோதனையின் சிறப்பு.

முதல் சோதனை: நரம்புக் கடத்தல்

கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேட்டில் சிறு மின்முனைகளை ஒட்டுவார்கள். பிறகு மணிக்கட்டில் நரம்பின்மேல் ஒரு மின்துடிப்பைச் செலுத்துவார்கள். அது செகண்டில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிப்பதில்லை. விரலால் வெடுக்கெனச் சுண்டியது போலிருக்கும். கட்டைவிரல் தானாகத் துள்ளும். துடிப்பு செலுத்தியதற்கும் தசை இயங்கத் தொடங்கியதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி குறித்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கட்டில் தூண்டியபோது 3.5 மில்லி செகண்டு ஆயிற்று. முழங்கையில் தூண்டியபோது 7.5 மில்லி செகண்டு ஆயிற்று. வேறுபாடு 4 மில்லி செகண்டு. இரு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம் 22 செ.மீ. எனில், வேகம் செகண்டுக்கு 55 மீட்டர். முன்கையில் நரம்பு நலமாக உள்ளது என்பது இதன் பொருள்.

மற்றொருவருக்கு மணிக்கட்டில் தூண்டியபோதே 6.5 மில்லி செகண்டும், முழங்கையில் 10.5 மில்லி செகண்டும் ஆகின்றன என்று கொள்வோம். வேறுபாடு இங்கும் 4-தான், முன்கையில் கோளாறில்லை. ஆனால் மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல்வரை செல்லும் சிறு தூரத்திற்கு வழக்கமாக 4 மில்லி செகண்டு அளவே ஆகவேண்டும். அப்படியானால் தடை மணிக்கட்டுக் குகையில் இருக்கிறது! 1956-இல் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் சிம்ப்சன் கார்ப்பல் டனல் நோயில் இத்தகைய தாமதத்தை விளக்கிக் காட்டினார். விரல்களின் உணர்வு நரம்புகளையும் இவ்வாறே சோதிப்பார்கள். நோய் தொடக்கத்தில் இருக்கும்போது பெரும்பாலும் அவற்றில்தான் முதலில் மாற்றம் தெரியும்.

இரண்டாம் சோதனை: ஊசி

இதற்கு எலெக்ட்ரோமயோகிராம், சுருக்கமாக இ.எம்.ஜி., என்று பெயர். மெல்லிய ஊசியொன்றைத் தசைக்குள் செருகுவார்கள். பலர் அஞ்சுவது போல இந்த ஊசியின் வழியே மின்சாரம் பாய்ச்சுவதில்லை, மருந்தும் ஏற்றுவதில்லை. தசையில் எழும் மின்னலைகளைக் கேட்கும் காது அது. அலைகள் திரையில் தெரியும், ஒலிபெருக்கியிலும் கேட்கும்.

நலமான தசை ஓய்வில் இருக்கும்போது அமைதியாக இருக்கும். நரம்புத் தொடர்பை இழந்த தசையோ ஓய்விலும் தானாகத் துடிக்கும். அந்த ஒலி தகரக் கூரையில் மழைத்துளி விழுவதை ஒத்தது. பிறகு தசையை மெதுவாக இறுக்கச் சொல்வார்கள். எழும் அலைகள் சிறுத்துக் குறுகியிருந்தால் பெரும்பாலும் தசையில் நோய். பெருத்து நீண்டிருந்தால் நரம்பில் பழைய பழுது. பலவீனம் நரம்பாலா, தசையாலா என்னும் கேள்விக்கு இவ்வாறு விடை கிடைக்கிறது.

செங்கற்பட்டு தந்த பாடம்

எந்தத் தசை உயிரோடுள்ளது, எது செயலிழந்தது என்று அறிவதால் என்ன பயன்? இதற்கு விடை காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலேயே இருக்கிறது. செங்கற்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேனின் பொறுப்பில் ஒரு தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1947 வாக்கில் வேலூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்குச் சென்றார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி வலிக்குமளவு உறுதியாக இருந்தது! நோயாளிக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

முன்கைத் தசைகள் பல நலமாக உள்ளன. உள்ளங்கையின் சிறு தசைகளே நரம்பிழந்து சோர்ந்துள்ளன என்பதைப் பிராண்ட் உணர்ந்தார். நலமான தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறையை வேலூரில் வளர்த்தார். அந்தச் செங்கற்பட்டு மருத்துவமனையை 1955-இல் மைய அரசு ஏற்றது. இன்று அது தொழுநோய்க்கான மையப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. தொழுநோய் மருந்துகள் இப்போது அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. உணர்வற்ற, நிறம் மங்கிய படை ஏதேனும் தோலில் இருந்தால் கூச்சமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பு பழுதாகத் தொடங்கிய சில மாதங்களுக்குள் மருத்துவம் செய்தால் அதை மீட்க வாய்ப்புண்டு. காலம் கடந்தால் வாய்ப்பு மிகக் குறைவு.

சோதனைக்குச் செல்லும்போது

குளித்துவிட்டுச் செல்லுங்கள். அன்று எண்ணெய், தைலம், கிரீம் எதையும் தடவாதீர்கள். அவை மின்முனைக்கும் தோலுக்கும் இடையே தடையாகும். பட்டினி கிடக்கத் தேவையில்லை. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். தளர்ந்த உடை நல்லது. கை குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் குறைந்து பொய்யான முடிவு தோன்றும். ஆகவே முதலில் கையைச் சூடேற்றுவார்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியிருந்தாலும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டுவந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். வழக்கமான மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். தசைச்சோர்வு நோய்க்கு மருந்து உண்பவர்கள் அன்று அதை உண்ணலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சோதனை அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். ஊசி குத்திய இடத்தில் ஓரிரு நாள் வலியோ சிறு கன்றலோ இருக்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிதானா என்று கேட்பதில் தவறில்லை. வலி பொறுக்க முடியாவிட்டால் இடையில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமையுண்டு.

எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

இந்தச் சோதனைகள் பருமனான நரம்பிழைகளையே அளக்கின்றன. நீரிழிவுக்காரருக்குப் பாதம் நெருப்பாய் எரியும். ஆனால் சோதனை முடிவு சரியாக இருக்கும். மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் இப்படி ஆகும். "நார்மல்" என்று எழுதியிருப்பதால் நீங்கள் இல்லாத வலியைச் சொல்கிறீர்கள் என்று பொருளில்லை. அதுபோலவே நரம்பில் அடிபட்ட மறுநாளே ஊசிச் சோதனை செய்தால் பழுது தெரியாமல் போகலாம். முழு அடையாளங்கள் தோன்ற இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும்.

மூளையின் கோளாறுகளை இச்சோதனை காட்டாது. திடீரென ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, கால்களில் தொடங்கிய தளர்ச்சி சில நாளில் மேலேறி வந்தாலோ சோதனைக்கு நாள் குறித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இச்சோதனை மருத்துவம் அன்று, மருத்துவத்திற்கு வழிகாட்டி. கார்ப்பல் டனல் நோய் தொடக்க நிலையில் இருந்தால் இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டுவதே பலருக்குப் போதும். முற்றியிருந்தால் தசைநாரை வெட்டிக் குகையை அகலப்படுத்தும் சிறு அறுவை உதவும். கட்டைவிரல் மேடு வற்றிச் சுருங்கிய பிறகு வந்தால் அறுவை செய்தும் இழந்த வலிமை முழுதும் திரும்பாமல் போகலாம். எனவே சில வாரங்களுக்கு மேல் கை மரத்துப் போனாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சோதனை அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்; ஓராண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.