பர்லியாரில் கொதித்த தண்ணீர்

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததும் மாமா ஹீட் மீட்டரை அடிக்கடி பார்க்கத் தொடங்குவார். எழுபதுகளின் கடைசியில் வாங்கிய அம்பாசடர். டிக்கியில் இரண்டு கேன் தண்ணீர் எப்போதும் இருக்கும்; வீட்டுப் போர் தண்ணீர். வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறும். பர்லியாரில் டீக்கடை ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைப்பார். இரண்டு நிமிடம் கழித்துத்தான் அது நடக்கும். பானெட்டுக்குள் குமுறும் சத்தம், பிறகு ஆவி. ஏறும்போது தாங்கிய வண்டி, நின்று ஓய்வெடுக்கும்போது ஏன் கொதிக்கிறது? சிறு வயதில் யாரிடம் கேட்டும் பதில் கிடைக்கவில்லை. வண்டி என் கைக்கு வந்து, அதன் குளிரூட்டும் அமைப்பு முழுவதையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு, பழைய இன்ஜின்களில் அதற்கும் குறைவாகத்தான், வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போய்விடும். மீதி, இரும்பு பிளாக்கிலும் அதன் மேலுள்ள ஹெட்டிலும் இறங்குகிறது. ஏற்றத்தில் இன்ஜின் 15 கிலோவாட் வேலை செய்தால், ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டர் வெளியேற்றியாக வேண்டும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர்கள் ஏழெட்டை ஒன்றாகப் போட்டதற்குச் சமம் அது. மலைப்பாதையில் இரண்டாம் கியரில் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, வண்டியோ மெதுவாகப் போகிறது. முகப்பில் மோதும் காற்று குறைவு. மேலே போகப் போகக் காற்றழுத்தமும் குறையும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

பழைய வண்டி சூடாகிறது என்றால் பெரும்பாலானோர் முதலில் தேடுவது பெரிய ரேடியேட்டரை. நானும் தேடினேன். இப்போது யாராவது கேட்டால், அதைக் கடைசியில் வாங்குங்கள் என்பேன். வெப்பம் இரும்பிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து ரேடியேட்டர் குழாய்க்கும், அங்கிருந்து மெல்லிய தகடுகள் வழியே காற்றுக்கும் போக வேண்டும். இந்த வழியில் எந்த இடத்தில் அது சிக்கிக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் கடைசிக் கதவை மட்டும் அகலமாக்கிப் பயனில்லை.

என் வண்டியில் அது முதல் படியிலேயே சிக்கியிருந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் அடித்துப் பொருத்தியிருக்கும் வட்டத் தகடுகளைக் கழற்றியபோது, நான்காவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் செங்காவிச் சேறும் வெள்ளை ஓடும் இறுகிக் கிடந்தன. ஆணியால் குத்திக் குத்தித்தான் எடுக்க முடிந்தது. இட்லிப் பானையின் அடியில் படியும் அதே வெள்ளைதான். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படிகிறது. சர்க்கரையும் சமையல் உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும், இது நேர்மாறு. ஆகவே எந்த இடம் அதிகம் சுடுகிறதோ, எந்த இடத்துக்குக் குளிர்ச்சி மிகவும் தேவையோ, அங்கேதான் அது முதலில் படியும்.

அதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதை ஒரு கணக்கு காட்டும். வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் ஏறத்தாழ 50 என்றால், இந்தப் படிவின் திறன் 2 அளவில்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் படிவு என்பது 25 மில்லிமீட்டர் கூடுதல் இரும்புச் சுவருக்குச் சமம். மாமா கேனில் கொண்டுவந்து ஊற்றிய ஒவ்வொரு லிட்டரும் அன்றைய பயணத்தைக் காப்பாற்றியது. அடுத்த பயணத்தை இன்னும் கொஞ்சம் கெடுத்தது. சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி ஊறவைத்து, தண்ணீரை எதிர்த்திசையில் பீய்ச்சி, அது தெளிவாக வரும்வரை நான்கு நாள் கழுவினோம். மொத்த வேலையிலும் மிக மலிவானது அதுதான். அதிகப் பலன் தந்ததும் அதுவே. இனி அந்த இன்ஜினுக்குள் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரும் கூலன்ட்டும் தவிர வேறெதுவும் போகாது.

அடுத்து தெர்மோஸ்டாட். என் வண்டியில் அது இருக்கவே இல்லை. எப்போதோ ஒரு மெக்கானிக் “வண்டி ஹீட் ஆகுது, இதைக் கழற்றி விட்டுடலாம்” என்று எடுத்திருக்கிறார். நம் ஊரில் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு நேர்ந்த கதி இது. 82 டிகிரி போன்ற ஒரு குறிப்பிட்ட சூட்டில், உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும் எளிய கருவி. இதை எடுத்துவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, வெப்பத்தை வாங்க நேரமில்லாமல் போய்விடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. வேகமாக ஓடும் நீர் வெப்பத்தை நன்றாகவே வாங்கும். உண்மையான கேடு வேறு. இன்ஜின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகி, பெட்ரோல் அதிகம் செலவாகும், சிலிண்டர் சுவர் தேயும். தெர்மோஸ்டாட் தரும் தடையால் பிளாக்குக்குள் நிலவும் சிறு அழுத்தமும் இல்லாமல் போகும்.

அந்த அழுத்தம் ஏன் முக்கியம்? தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்போம். அளவான சூட்டில் ‘சுர்’ரென்று உடனே வற்றிவிடும். கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் துளிகள் வற்றாமல் முத்து முத்தாக உருண்டோடும். துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவிப் படலம் ஒன்று உருவாகி வெப்பத்தைத் தடுக்கிறது. ஜெர்மன் மருத்துவர் யோகான் கோட்லோப் லைடன்ஃப்ராஸ்ட் 1756இல் விவரித்த விளைவு இது. இன்ஜின் ஹெட்டில், புகை வெளியேறும் வால்வுக்குப் பக்கத்திலும் இதுவே நடக்கலாம். மீட்டர் முள் சிவப்பைத் தொடாதபோதே அந்த ஓரிடத்தில் ஆவிப் படலம் உண்டாகி, இரும்பு தண்ணீரைத் தொடாமல் காயும். ஹெட் விரிசல் விடும். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும், இந்த ஆபத்தும் தள்ளிப்போகும்.

குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் ரேடியேட்டர் மூடி செய்கிறது. 7 பிஎஸ்ஐ மூடி போட்டால் சமவெளியில் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காது. ஊட்டியில் 106 வரை. பழைய வண்டிகளின் மூடிகள் 4 முதல் 7 பிஎஸ்ஐ அளவில் இருந்தன. இன்றைய கார்களில் அதைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் உண்டு. அதற்காகப் பழைய ரேடியேட்டரில் புதிய 14 பிஎஸ்ஐ மூடியைப் போட்டுவிடக் கூடாது. ஈயப் பற்றவைப்புகள் பிரிந்துவிடும். கூலன்ட்டும் கொதிநிலையை உயர்த்தும், துருவைத் தடுக்கும். ஆனால் கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் கலந்த நீர், தனி நீரைவிடக் குறைவான வெப்பத்தையே சுமக்கும். உறைபனித் தொல்லை இல்லாத நம் ஊருக்கு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும் என்பது என் கருத்து.

காற்றின் பக்கம் கோளாறா, தண்ணீரின் பக்கம் கோளாறா என்பதை வண்டியே சொல்லிவிடும். சிக்னலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், ஃபேனைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் 80இல் போகும்போது ஏறினால் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு அல்லது பம்ப். பெல்ட்டில் ஓடும் பழைய ஃபேன் இன்ஜின் வேகத்திலேயே சுற்றும். தேவை அதிகமாக இருக்கும் நேரத்தில் சோம்பும். மின்விசிறி அந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் அதுவே 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நிற்கும் வண்டியில் பழைய டைனமோ அநேகமாக எதுவுமே தராது. ஆகவே முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாற வேண்டியிருந்தது. விசிறியைச் சுற்றி ஒரு தகரக் கூண்டும் செய்து மாட்டினேன். கூண்டு இல்லாவிட்டால் விசிறி தன் வட்டத்துக்கு நேரே உள்ள காற்றை மட்டுமே இழுக்கும், நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும்.

ரேடியேட்டருக்குக் கடைசியில்தான் வந்தேன். அலுமினியம் வாங்கவில்லை. தாமிரம் வெப்பத்தை அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். அலுமினிய ரேடியேட்டர்கள் ஜெயிப்பது எடை குறைவாலும், குழாய்களை அகலமாகச் செய்ய முடிவதாலும். ஆனால் யாராவது ஒருமுறை உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டால் அவை விரைவில் அரிக்கும். பழைய தொட்டிகளையே வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள குழாய்களும் தகடுகளும் சேர்ந்த பகுதியை மட்டும் பட்டறையில் புதிதாக மாற்றினேன். கூடுதலாக ஒரு வரிசைக் குழாய் மட்டும் சேர்த்தோம். அதற்கும் மேல் சேர்த்தால் பின்வரிசைக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் கிடைக்கும்.

சென்ற மே மாதம் அதே பாதையில் ஏறினேன். பர்லியாரில் நிறுத்தினேன், ஆனால் அணைக்கவில்லை. இன்ஜினை அணைத்தால் பம்பும் நின்றுவிடும். ஏறி வந்த இரும்பில் தேங்கிய வெப்பம், நகராமல் நிற்கும் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். மாமா சாவியைத் திருப்பியதும் கொதித்தது அதனால்தான். மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டேன். முள் மெல்ல இறங்கி நடுவில் நின்றது. பிறகு அணைத்தேன். டீ வந்து குடித்து முடிக்கும்வரை பானெட்டுக்குள்ளிருந்து மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.