லீவுக்கு வீட்டுக்குப் போனா ஏன் சண்டை வருது?

செஞ்சியில எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து பேசுறேன். எதிரே ராஜகிரி மலை தெரியுது. செமஸ்டர் லீவு முடிஞ்சு நாளைக்கு ஹாஸ்டலுக்குக் கிளம்பணும். 'லீவுக்குப் போனா அம்மா அப்பாவோட ஏன் சண்டையாவே இருக்கு?'ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்தத் தடவை எனக்கும் அதே கதைதான்.

முதல் ரெண்டு நாள் ராஜ உபசாரம். மூணாவது நாள்ல இருந்து ஆரம்பிச்சுடுச்சு. 'பத்து மணி வரைக்கும் என்ன தூக்கம்?' 'எப்பப் பார்த்தாலும் போன்.' 'எங்க போற, எப்ப வருவ?' ஹாஸ்டல்ல இதையெல்லாம் கேட்க ஆள் இல்லை. வீட்டுல நாம இன்னும் பிளஸ் டூ பிள்ளைதான். அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட், 18ல இருந்து 25 வரைக்குமான வயசை ஒரு தனிப் பருவமாவே பார்க்கணும்னு 2000ல எழுதினார். சின்னப் பிள்ளையும் இல்லை, முழுசா பெரிய ஆளும் இல்லை. அதனால கொஞ்சம் உரசல் இயல்புதான்.

ஆனா எங்க வீட்டுச் சண்டைக்குக் காரணம் வேற.

ஃப்ரெண்ட்ஸோட பாண்டிச்சேரி போக 1,500 ரூபாய் கேட்டேன். 'காசு என்ன மரத்துலயா காய்க்குது?'ன்னார் அப்பா. நானும் கத்திட்டுக் கதவைச் சாத்திக்கிட்டேன். ராத்திரி சாப்பாடு போடும்போதுதான் அம்மா கழுத்தைப் பார்த்தேன். செயின் இல்லை. 'பீரோவுல இருக்கு'ன்னாங்க. ரெண்டாவது தடவை கேட்டதும்தான் உண்மை வந்தது. என் ஹாஸ்டல் ஃபீஸுக்காக அடகு வெச்சிருக்காங்க. வருஷம் முடியறதுக்குள்ள வட்டி கட்டி மாத்தி வைக்கணும். அந்தக் கவலைதான் என் தூக்கத்து மேலயும் போன் மேலயும் கோபமா வந்திருக்கு.

அப்போ எனக்கு எங்க ஊர் ராஜா தேசிங்கு ஞாபகம் வந்துச்சு. அவரோட அப்பா சுவரூப் சிங் செஞ்சிக் கோட்டையை நிர்வகிச்சவர். அவர் இறந்ததும், 1714ல மகன் புந்தேல்கண்டுல இருந்து இங்க வந்தார். கோட்டையோட சேர்ந்து, அப்பா கட்டாம விட்ட கப்பப் பாக்கியும் அவர் தலையில விழுந்தது. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் படையோட வந்தார். அதே வருஷம் அக்டோபர்ல தேசிங்கு போர்ல இறந்துட்டார். பாக்கியைப் பத்திப் பேச அவருக்கு அப்பா இல்லை. எனக்கு அடுத்த ரூம்லயே இருக்கார்.

மறுநாள் காலையில அப்பாகூட டீ குடிச்சுக்கிட்டே கேட்டேன். 'எவ்வளவு கடன் இருக்குப்பா?' 'உனக்கெதுக்கு அதெல்லாம், நீ படி'ன்னார். அப்போ நான் மறைச்சதை முதல்ல சொன்னேன். மேத்ஸ்ல ஒரு அரியர் இருக்கு. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் 'சரி, அடுத்த தடவை எழுதிக்கலாம்'னுட்டு, உள்ள போய் அடகுச் சீட்டை எடுத்துட்டு வந்தார்.

நான் கத்துக்கிட்டது இதுதான். அவங்களைப் பேச வைக்கணும்னா நாம முதல்ல ஒண்ணைச் சொல்லணும். எங்க போறோம், எப்ப வருவோம்னு அவங்க கேட்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அது அனுமதி கேட்கறது இல்லை, தகவல் சொல்றது. பாதிச் சண்டை அங்கேயே முடிஞ்சுடும். பணப் பேச்சைச் சாப்பாட்டு நேரத்துல எடுக்காதீங்க. கணக்கைப் பேப்பர்ல எழுதிப் பார்த்தா பயம் குறையும்.

இன்னொண்ணு. ஃபீஸுக்கு நகையை வைக்கறதுக்கு முன்னாடி கல்விக் கடனைப் பத்தி பேங்க்ல விசாரிங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி 4 லட்சம் ரூபாய் வரைக்கும் சொத்து ஈடு கேட்கக் கூடாது. பொதுவா படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனா வட்டி ஏறிக்கிட்டே இருக்கும், அதையும் கணக்குல எடுத்துக்கோங்க. வித்யாலட்சுமி இணையதளத்துல விண்ணப்பிக்கலாம். அடுத்த வருஷ ஃபீஸுக்கு நாங்க அப்படித்தான் பண்ணப் போறோம்.

செயின் இன்னும் திரும்பி வரலை. பாண்டிச்சேரியும் போகலை. ஆனா இன்னிக்குக் காலையில நான் ஒன்பதரைக்குத்தான் எழுந்தேன், யாரும் திட்டலை. 'நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ்?'னு மட்டும் அப்பா கேட்டார். சொன்னேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.