மார்ட்டின் ரயிலின் வரவு செலவு

ஹவுரா என்றதும் தமிழக வாசகர்களின் நினைவுக்கு வருவன ஹூக்ளி நதியின் மேல் நிற்கும் இரும்புப் பாலமும், சென்னையிலிருந்து புறப்படும் ஹவுரா மெயிலும்தாம். அந்தப் பெரிய ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவில் ஹவுரா மைதான் என்னும் இடம் உள்ளது. 2024 மார்ச் முதல், நதிக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரயிலின் முனையமாக அது பலருக்கும் அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் அவ்வட்டாரத்து முதியவர்களிடம் ‘மைதான் ஸ்டேஷன்’ என்று சொன்னால் அவர்கள் எண்ணுவது வேறொரு நிலையத்தை. 1971 ஜனவரி முதல் தேதியோடு மறைந்துபோன மார்ட்டின் ரயிலின் நிலையம் அது.

பணி மாறுதலில் ஹவுராவில் சில ஆண்டுகள் இருந்தபோது, ஓய்வூதியம் பெற வரும் மூத்த வாடிக்கையாளர்களின் வாயிலாகவே இந்த ரயிலைப் பற்றி அறிந்தேன். வணிகவியல் படித்தவன் ஆதலால், நினைவுகளைக் காட்டிலும் அதன் வரவு செலவுதான் முதலில் என்னை ஈர்த்தது.

மார்ட்டின் கம்பெனியின் கூட்டாளிகளுள் ஒருவர் அக்குவின் மார்ட்டின் என்னும் ஆங்கிலேயர். மற்றொருவர் வங்காளியான ராஜேந்திரநாத் முகர்ஜி. முகர்ஜி 1854-ல் பசீர்ஹாட் அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். பொறியியல் பட்டம் பெறாமலேயே ஒப்பந்ததாரராகி, கல்கத்தாவுக்குக் குடிநீர் தரும் பல்தா நீர்நிலையப் பணியால் பெயர் பெற்றார். விக்டோரியா நினைவு மண்டபத்தைக் கட்டியது இவர்களுடைய நிறுவனமே. பெரிய ரயில் கம்பெனிகள் திரும்பிப் பாராத ஊர்களுக்குக் குறைந்த முதலீட்டில் சிறிய ரயில்பாதை அமைக்கலாம் என்பது இவர்கள் கண்ட வழி. ஹவுரா–ஆம்தா, ஹவுரா–ஷியாகாலா பாதைகள் 1897-ல் தொடங்கின. மறு ஆண்டே ரயில் ஆம்தாவை எட்டியது. 1905-ல் பாராசத்–பசீர்ஹாட் பாதையும் வந்தது. சொந்த மண்ணுக்கு ரயில் கொண்டுசென்றவர் என்று முகர்ஜியைச் சொன்னால் மிகையாகாது.

ஹவுராப் பாதைகளின் தண்டவாள இடைவெளி இரண்டே அடி, அதாவது 610 மில்லிமீட்டர். இன்றைய அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். டார்ஜிலிங் மலை ரயிலில் பயணம் செய்தவர்கள் அந்த அளவைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள். பல இடங்களில் தனி நிலம் வாங்காமல் சாலையோரத்திலேயே தண்டவாளம் பதித்தார்கள். ஆகவே வீட்டுத் திண்ணைகளையும் கடைகளையும் உரசியபடி வண்டி சென்றது. ஓடும் வண்டியிலிருந்து இறங்கி, வெற்றிலை வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறலாம் என்று அதன் வேகத்தைக் கேலி செய்யாத முதியவரை நான் சந்தித்ததில்லை. கேலி செய்யும்போதே குரலில் ஓர் உரிமை தொனிக்கும்.

கதம்தலா, டோம்ஜூர், பர்காச்சியா வழியாக ஒரு பாதை ஆம்தா சென்றது. பர்காச்சியாவில் பிரிந்த கிளை சாம்பாடாங்காவுக்குப் போயிற்று. 1886 டிசம்பரில் விவேகானந்தரும் அவருடைய தோழர்களும் துறவு பூண உறுதி ஏற்ற ஆண்ட்பூர் இந்தக் கிளையில்தான் இருக்கிறது. ஷியாகாலா பாதையில் சண்டிதலாவிலிருந்து ஜனாய்க்கு ஒரு சிறு கிளை. ஜனாயின் ‘மனோஹரா’ என்னும் இனிப்பைச் சுவைத்தவர்கள் அவ்வூரை மறக்கமாட்டார்கள்.

மூத்த வாடிக்கையாளர் ஒருவர், ரயில் நின்றபோது பள்ளி மாணவர். அவருடைய தந்தைக்கு ஹவுராவில் சணல் ஆலையொன்றில் எழுத்தர் பணி. வீட்டில் கடிகாரம் இல்லை. முதல் வண்டியின் ஊதல் கேட்டதும் தாய் உலை வைப்பாராம். ரயில் நின்ற பின் சில மாதங்கள் பேருந்தில் தொங்கிச் சென்ற தந்தை, பிறகு கதம்தலாவில் ஓர் அறையைப் பகிர்ந்து வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை இரவு மட்டும் ஊர் திரும்பினார். “அதன் பிறகு எங்கள் வீட்டில் அப்பா ஒரு விருந்தாளி” என்றார் அவர். கீரைக்கூடையோடு நாள்தோறும் ஹவுரா சென்றுவந்த அவருடைய அத்தையோ, கூடையை ஏற்ற நடத்துநர்கள் மறுத்ததால் வியாபாரத்தையே விட்டுவிட்டார்.

இனிக் கம்பெனியின் பக்கம். அதன் இழப்பு பொய்யன்று. இணையாகச் சாலை போட்டுப் பேருந்து விட்டபின், கட்டணத்தை உயர்த்தினால் பயணிகள் பேருந்துக்குப் போவார்கள். உயர்த்தாவிட்டால் நிலக்கரிக்கும் சம்பளத்துக்கும் பணம் போதாது. பயணச்சீட்டின்றிச் சென்றவர்களும் பலர்; இதை அந்த முதியவர்களே சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்வார்கள். தேய்ந்த தண்டவாளத்தை மாற்ற முதலீடு வேண்டும். இலாபம் தராத பாதைக்கு முதலீடு செய்ய யார் வருவார்? 1951-52-ல் ரயில்வேக்களை மண்டலங்களாக ஒருங்கிணைத்தபோது இத்தகைய தனியார் சிறு பாதைகள் வெளியே நின்றுவிட்டன. 1955-ல் பசீர்ஹாட் பாதை மூடப்பட்டது. 1970 செப்டம்பரில், டெல்லியை அடுத்து இதே நிறுவனம் நடத்திவந்த ஷாதரா–சஹாரன்பூர் பாதையும் நின்றது. நான்கு மாதங்களில் ஹவுராவின் முறை வந்தது.

இதே காலத்தில் இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1970 ஏப்ரல் 3 முதல் நிர்வாக முகவர் முறை ஒழிக்கப்பட்டது. மார்ட்டின் போன்ற ஒரு நிறுவனம் பல கம்பெனிகளை முகவராக இருந்து நடத்தும் ஏற்பாடு அதனோடு முடிந்தது. சிற்றூர்களுக்கும் வங்கிக் கிளை வேண்டும் என்று நாடு முடிவு செய்த அதே வேளையில், அச்சிற்றூர்களை நகரத்தோடு இணைத்த ரயில் கைவிடப்பட்டது.

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரி என்ற முறையில் அந்த ஐந்தொகையில் நான் பிழை காணமாட்டேன். நானும் அதில் நட்டமே கண்டிருப்பேன். ஆனால் அந்த எழுத்தர் கொடுத்த அறை வாடகை எந்தக் கம்பெனியின் செலவுக் கணக்கிலும் ஏறவில்லை. கீரைக்கூடையின் இழப்பும் அவ்வாறே. டோம்ஜூரிலும் ஜனாயிலும் வீடு வாங்கியவர்கள் ரயிலை நம்பி வாங்கினார்கள். அந்த மதிப்பில் ஒரு பைசாவும் கம்பெனியின் வருவாயாகக் காட்டப்பட்டதில்லை. இலாபத்தில் பங்கு பெறாத பல்லாயிரம் பேர் நட்டத்தை மட்டும் பிரித்துக்கொண்டார்கள்.

ஆம்தாவுக்கு மறுபடியும் ரயில் வந்தது, அகலப் பாதையில், சாந்த்ராகாச்சி வழியாக. 1984-ல் பர்காச்சியா வரை எட்டிய பாதை, ஆம்தாவைத் தொட்டது 2004-ன் இறுதியில். நின்ற ரயில் திரும்பிவர 34 ஆண்டுகள்! அதற்குள் பள்ளி மாணவராக இருந்தவர் பேரன் எடுத்துவிட்டார், தந்தை காலமாகிவிட்டார்.

இன்று ஹவுராவிலிருந்து புறப்படும் புறநகர் மின்சார ரயில்களில் காய்கறிக் கூடைகளுக்கென்றே ‘வெண்டர்’ பெட்டி உண்டு. ஆம்தா பக்கத்துப் பெண்கள் அதில் தங்கள் சரக்கோடு ஏறிக்கொள்ளலாம். ஷியாகாலாக்காரர்கள் இன்னும் பேருந்துக்குத்தான் காத்து நிற்கிறார்கள்.