அடுத்தவர் சர்வரில் ஒரு நகல்

2011 ஆகஸ்ட் இறுதியில், கெர்னல்.ஆர்க் தளத்தின் சர்வர்களுக்குள் யாரோ அத்துமீறி நுழைந்திருப்பது தெரியவந்தது. லினக்ஸின் மையமான கெர்னலின் மூலநிரல் வெளியாகும் தாய்த்தளம் அது. சர்வர்களைச் சோதித்துச் சுத்தம் செய்வதற்காகத் தளத்தை மூடினார்கள்; மீண்டு வரச் சில வாரங்கள் ஆயின. கெர்னல் வேலை மட்டும் நிற்கவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன்னிடமிருந்த மூலநிரல் களஞ்சியத்தைக் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, அடுத்த சோதனைப் பதிப்பை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் களஞ்சியம் இன்றும் அங்கே இருக்கிறது, தாய்த்தளத்தின் மிரராக, அதாவது அதைத் தொடர்ந்து பின்பற்றும் நகலாக.

கிட்ஹப், மூலநிரல் களஞ்சியங்களை வைக்க 2008-இல் தொடங்கிய வணிகத் தளம். 2018-இல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. உலகின் கட்டற்ற மென்பொருள்களில் பெரும்பங்கு அங்கே குடியிருக்கிறது. ஆனால் கிட்ஹப்பை இயக்கும் நிரலைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வைத்த நகலை நம்பலாமா?

நிரலைப் பொறுத்தவரை நம்பலாம். அதற்குக் காரணம் கிட்ஹப் அல்ல, 2005-இல் டோர்வால்ட்ஸ் எழுதிய, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளான கிட். அதில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், அதாவது ஒவ்வொரு கமிட்டுக்கும், பொதுவாக 40 குறிகள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. யாரும் இட்ட பெயரல்ல அது. கோப்புகளின் உள்ளடக்கம், எழுதியவர், தேதி, முந்தைய கமிட்டின் அடையாளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது. பத்தாண்டுக்கு முந்தைய கமிட்டில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின் வந்த அத்தனை அடையாளங்களும் மாறிவிடும். ஆகவே கடைசிக் கமிட்டின் அடையாளம் தாய்த்தளம், நகல் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதுவரையிலான வரலாற்றில் யாரும் கைவைக்கவில்லை என்று அறியலாம்.

மிரர் அமைப்பதும் எளிது. களஞ்சியத்தை முழுதாக நகலெடுக்க ஒரு கட்டளை, அதை அடுத்த இடத்துக்குத் தள்ள ஒரு கட்டளை. பிறகு நகலைப் புதுப்பித்துத் தள்ளுவதை மணிக்கொருமுறை தானாக ஓடவிட்டால் முடிந்தது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இப்படி ஓடும் மிரர், அழித்ததையும் அப்படியே பின்பற்றும். தாய்க்களஞ்சியத்தில் ஒரு கிளையைத் தவறுதலாக நீக்கினால், அடுத்த சுற்றில் மிரரிலும் அது இருக்காது. காப்புப்பிரதியைத் தனியாகத்தான் எடுத்துவைக்க வேண்டும்.

இனி, மிரரில் வராதவை. பிழை அறிக்கைகள், ஒரு மாற்றத்தை ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்ற விவாதங்கள் ஆகியவை கிட்டுக்குள் இல்லை. அவை தளத்தை நடத்தும் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. பல ஆண்டு அனுபவம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்பதால் எனக்கு இதுதான் பெரிய கவலை. தளம் எப்போது வேண்டுமானாலும் கைவிட்டுப் போகலாம். கிட்ஹப் போன்ற தளமான கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அதே வகைத் தளமான கிட்டோரியஸை 2015-இல் போட்டி நிறுவனமான கிட்லேப் வாங்கி, அதே ஆண்டில் மூடியது. 2019-இல் அமெரிக்கத் தடைச் சட்டங்களால் ஈரான், சிரியா, கிரிமியா பகுதி நிரலாளர்களின் கிட்ஹப் கணக்குகளுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 2020 அக்டோபரில் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் அனுப்பிய நோட்டீசால், காணொளிகளைத் தரவிறக்கும் யூடியூப்-டிஎல் மென்பொருளின் களஞ்சியம் கிட்ஹப்பிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த மாதம்தான் திரும்பியது.

சில பெரிய திட்டங்கள் இந்த ஆபத்தை உணர்ந்தே நடக்கின்றன. லினக்ஸ் கெர்னலுக்கான திருத்தங்கள் இன்றும் மின்னஞ்சலில்தான் போகின்றன. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன் தாய்க்களஞ்சியத்தைச் சொந்தத் தளத்தில் வைத்து, கிட்ஹப்பில் மிரர் மட்டும் வைத்திருக்கிறது. லினக்ஸ் மேசைத்தளத் திட்டமான க்னோம் 2018-இல் தன் சர்வரிலேயே கிட்லேப் மென்பொருளை நிறுவிக் குடிபெயர்ந்தது.

2022-இல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பு, கிட்ஹப்பையே கைவிடுங்கள் என்று அழைப்பு விடுத்தது. மூடிய நிரலில் ஓடும் தளத்தை நம்பியிருப்பது பற்றிய அதன் கவலை நியாயமானது. ஆனாலும் புதிதாக வரும் மாணவர் முதலில் தேடிப்பார்ப்பது கிட்ஹப்பில்தான். அங்கே ஒரு நகலாவது இல்லையென்றால் உங்கள் திட்டம் அவர் கண்ணில் படாமலே போகலாம். எனவே மிரர் வையுங்கள், தாய்வீட்டை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மிரரின் ரீட்மி கோப்பில் முதல் வரியாகத் தாய்க்களஞ்சியத்தின் முகவரியையும், திருத்தங்களை எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதுங்கள். விவாதங்களும் தாய்வீட்டிலேயே தங்க, மிரரின் பிழை அறிக்கைப் பகுதியை இன்றே அணைத்துவிடுங்கள்.