வரத்துக்கால் இல்லாத பக்கங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை கார், பைக், செல்போன் ஆலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றை நம்பி உதிரிபாகம் செய்பவர்கள், விற்பவர்கள் ஏராளம். இப்போது இவர்களில் பலர் சொந்தமாக ஒரு விற்பனைத் தளம் வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் பெரிய இணையச் சந்தை ஒன்றில் கடை விரித்திருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி ஒன்றுதான்: "போட்டோ போட்டாச்சு, விலை போட்டாச்சு, விவரமும் எழுதியாச்சு. கூகுள்ல தேடினா மட்டும் ஏன் சார் வரமாட்டேங்குது?"

பதில் சொல்லவும் ஆள் தயாராக இருக்கிறது. மூன்று மாதத்தில் முதலிடம், கட்டணம் இவ்வளவு என்று போன் வரும். கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அந்த போனை வைத்துவிட்டு, விற்பவர் தன் தளத்துக்குள்ளேயே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: அந்தப் பொருளின் பக்கத்துக்கு, தளத்தின் மற்ற பக்கங்களிலிருந்து எத்தனை இணைப்புகள் வருகின்றன?

இணைப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இந்தப் பகுதிக்காரர்களுக்கு ஏரியை வைத்தே சொல்லிவிடலாம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பினால், கலங்கல் தாண்டும் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் ஓர் ஏரி என்று வைத்துக்கொண்டால், இணைப்புதான் வாய்க்கால். கூகுளின் ஆதிக் கணக்கான பேஜ்ரேங்க் ஒவ்வொரு பக்கத்தின் நீர்மட்டத்தை அளக்கிறது. ஓர் ஏரியில் இருப்பதில் 85 சதவீதம் அதன் வாய்க்கால்களில் சமமாகப் பிரிந்து ஓடும். மீதி 15 சதவீதம் ஆவியாகி, உலகத்து ஏரிகள் எல்லாவற்றின் மேலும் சமமாக மழையாகப் பெய்யும். மடை இல்லாத ஏரி என்றால் அதிலிருப்பது முழுவதுமே மழையாகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் தெரிகிறது. ஒரு பக்கத்தின் மதிப்பு அதற்கு இணைப்புத் தரும் பக்கங்களின் மதிப்பைப் பொறுத்தது. அவற்றின் மதிப்போ வேறு பக்கங்களைப் பொறுத்தது. இப்படிச் சுற்றிக்கொண்டே போனால் கணக்கு எங்கே முடியும்? முடிகிறது என்பதுதான் இதன் அழகு. எந்த ஏரியில் எவ்வளவு நீரோடு தொடங்கினாலும், திரும்பத் திரும்ப ஓடவிட்டால் மட்டங்கள் ஒரே நிலைக்கு வந்து அசையாமல் நின்றுவிடும். அதற்குக் காரணம் அந்த 15 சதவீத மழை. அது இல்லையென்றால், தங்களுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி இணைத்துக்கொண்ட சில பக்கங்கள் ஊர் நீரையெல்லாம் தேக்கிவிடும்.

இப்போது ஒரு விற்பனைத் தளத்துக்குள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முகப்புப் பக்கத்தில் 1,000 அலகு நீர், 100 இணைப்புகள். ஒரு பிரிவுப் பக்கத்துக்குப் போவது 8.5 அலகு. அந்தப் பிரிவில் 50 பொருள்கள் இருந்தால், புல்லட்டுக்கான ஒரு கிளட்ச் பிளேட்டின் பக்கத்துக்கு வந்து சேர்வது 0.14 அலகுதான். அதே கிளட்ச் பிளேட்டை முகப்பிலேயே இணைத்திருந்தால் 8.5 கிடைத்திருக்கும், ஏறக்குறைய 59 மடங்கு. பொருள் அதேதான், விவரமும் அதேதான். வாய்க்கால்தான் வேறு.

பெரிய தளங்களில் நீரை வீணாக்கும் இடம் வடிகட்டிகள். நிறம், அளவு, பிராண்டு, விலை என்று 6 வகை வடிகட்டிகள், ஒவ்வொன்றிலும் 5 தேர்வுகள் என்று கொள்வோம். எந்த வடிகட்டியையும் தொடாமல் விடலாம் என்பதையும் சேர்த்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி முகவரி உருவானால், ஒரே பிரிவுக்கு 46,656 பக்கங்கள். பெரும்பாலானவற்றில் அதே பொருள்கள்தான் இடம் மாறி நிற்கும். நீர் அங்கெல்லாம் பரவிக் காய்கிறது. தளத்தைப் படிக்க வரும் கூகுள்பாட்டின் நேரமும் அங்கேயே போய்விடுகிறது.

'மேலும் காட்டு' பட்டன் இன்னொரு கேடு. மனிதர் தட்டினால் அடுத்த பொருள்கள் வரும். கூகுள்பாட் பட்டனைத் தட்டாது. முகவரி உள்ள இணைப்பைத்தான் பின்தொடரும். பட்டனுக்குப் பின்னால் மட்டும் இருக்கும் பொருளுக்கு வரத்துக்காலே இல்லை.

சிலர் வாய்க்காலை அடைத்துப் பார்த்தார்கள். வேண்டாத இணைப்புகளில் 'நோஃபாலோ' குறி போட்டால், மிச்ச நீர் வேண்டிய பக்கங்களுக்குத் திரும்பும் என்று நம்பினார்கள். 2009இல் கூகுளின் மேட் கட்ஸ் அதை மறுத்தார்: அடைத்த வாய்க்காலின் பங்கு மற்றவற்றுக்குப் போகாது, ஆவியாகிவிடும்.

வரலாறு சுருக்கமாக. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் ஸ்டான்ஃபோர்டில் பேஜ்ரேங்க் கணக்கை வெளியிட்டார்கள். ஆய்விதழ்களைத் தரம் பிரிக்க பின்ஸ்கியும் நாரினும் 1976லேயே இதே போன்ற கணக்கைப் போட்டுவிட்டார்கள் என்பதால், எல்லாம் ஒரே நாளில் உதித்தது என்ற கதையை நம்ப வேண்டியதில்லை.

ஏரிக் கணக்கு பொய்க்கும் இடமும் உண்டு. வாய்க்கால்கள் எல்லாம் சமமல்ல. பயனர் தட்டக்கூடிய இணைப்புக்கு அதிக எடை தரும் முறைக்கு கூகுள் 2010இல் காப்புரிமை பெற்றது. அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் இணைப்பும் பக்கத்தின் நடுவே நிற்கும் இணைப்பும் ஒன்றல்ல. பேஜ்ரேங்க் வெகுவாக மாறிவிட்டது, ஆனாலும் பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது கூகுள். அதோடு வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துதான் வரிசை அமைகிறது. பொருளே தேடலுக்குப் பொருந்தவில்லை என்றால் ஆயிரம் இணைப்பும் உதவாது. ஆகவே, இத்தனை உள் இணைப்புக்கு இத்தனை இடம் முன்னேறும் என்று எண் சொல்லி விற்பவர்களின் எண்ணுக்கு ஆதாரம் கிடையாது.

கணக்கை முழுதாகக் கற்க விரும்புவோர் சென்னை ஐஐடியில் படித்த ஆனந்த் ராஜாராமன், ஜெஃப்ரி உல்மன் உள்ளிட்டோர் எழுதிய 'மைனிங் ஆஃப் மேசிவ் டேட்டாசெட்ஸ்' நூலைப் பார்க்கலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ராஜாராமனுக்கு விற்பனைத் தளங்கள் புதிதல்ல. அவர் நண்பர்களோடு தொடங்கிய 'ஜங்லீ'யை 1998இல் அமேசான் வாங்கியது.

விற்பவர்கள் இன்றே செய்யக்கூடியது இது. தேடல் பெட்டியைத் தொடாமல், தளத்தின் முகப்பிலிருந்து உங்கள் பொருளுக்கு எத்தனை தட்டில் போக முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். சொந்தத் தளம் என்றால், கூகுள் சர்ச் கன்சோலில் இணைப்புகள் அறிக்கையைத் திறந்தால், எந்தப் பக்கத்துக்கு எத்தனை உள் இணைப்புகள் வருகின்றன என்று பட்டியலே இருக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது.